மூன்றாம் எதிர்மனுதாரர்

அரசங்குட்டை காவல் நிலையத்தின் கணினியில், சாலையில் நடந்துபோய் வண்டியில் அடிபடுகிறவர்களுக்கென்று மூன்று வாக்கியங்கள் எழுதித் தயாராக வைக்கப்பட்டிருந்தன. ஆண் என்றால் ‘மது அருந்திய நிலையில் தள்ளாடியபடி’. பெண் என்றால் ‘கவனக்குறைவாக’. குழந்தை என்றால் ‘திடீரெனச் சாலையின் குறுக்கே ஓடியதால்’. பெயர், தேதி, வண்டி எண் மூன்றையும் மாற்றினால் போதும், பத்து நிமிடத்தில் முதல் தகவல் அறிக்கை அச்சாகி வந்துவிடும். வேகத்துக்காக அந்த நிலையம் ஒருமுறை கேடயம்கூட வாங்கியிருக்கிறது.

பாரதிக்கு ஏழு வயது. எனவே மூன்றாவது வாக்கியம்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகுதான் அவளுடைய அம்மா சோபனா அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். பத்தாவது வரை படித்தவள். ஆனாலும் ஒரு வரியை நான்கு முறை படிக்க வேண்டியிருந்தது.

“ஏங்க, பாரதி ஓடுனான்னு போட்டிருக்குதுங்களே?”

அவள் கணவன் மாதவராஜ் எழுந்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனான். மாடு நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பூதிக்குட்டையில் அவர்கள் வீடு தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூட வண்டி எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். அன்று காலை எட்டேகாலுக்கு சோபனா மகளைக் கை பிடித்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போய், மண்ணில் நிறுத்தினாள். சாப்பாட்டுக் கூடை வீட்டிலேயே இருந்தது. “எடுத்தாறேன். நான் வர்ற வரைக்கும் அசையாத” என்று சொல்லிவிட்டு வந்தாள். கூடையோடு அவள் திரும்பி வாசலுக்கு வருவதற்குள், பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று பறந்து வந்த வேன் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. மாதவராஜ் முப்பது அடி தள்ளி ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தான்.

பாரதி ஓடவில்லை. ‘அசையாத’ என்று சொல்லியிருந்தார்கள். அவள் அசையவில்லை.

சோபனா காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நஞ்சப்பன் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“சார், எம்பொண்ணு ஓடலீங்க. நின்னுட்டு இருந்தா. அந்த ஒரு வரிய மட்டும் மாத்திக் குடுத்துருங்க.”

“ஏம்மா, டிரைவர் மேல கேஸ் போட்டாச்சு. வண்டியப் புடிச்சு ஸ்டேசன்ல நிறுத்தியாச்சு. இனி ஓடுனா என்னா, நின்னா என்னா?”

“நின்ன புள்ளைய ஓடுனான்னு எழுதலாங்களா?”

நஞ்சப்பன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். “இங்க பாரும்மா, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மூணு வரிதான் இருக்குது. நிக்கறவங்களுக்கு வரியே கிடையாது. இத எழுதி வெச்சவரு ரிட்டயர்டு ஆயி ஓசூர்ல இருக்காரு. நானா புதுசா ஒண்ணு எழுதுனா மேல இருந்து கேப்பாங்க. இத்தன வருசமா இந்த எல்லையில எந்தக் கொழந்தையும் நிக்கலையே, இது மட்டும் எப்படி நின்னுச்சுன்னு.”

சோபனா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

வக்கீல் இளம்பரிதி நீதிமன்றத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தார். அவருக்கு இரக்கம் வந்தால் எண் போட்டுத்தான் வரும்.

“மனச விட்டுறாதீங்க. உங்களுக்கு நாலு வழி இருக்குது. ஒண்ணு, டிரைவர் மேல நடக்கற கிரிமினல் கேஸ். அது அரசாங்கத்தோடது, அதுல நீங்க வெறும் சாட்சி. ரெண்டு, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல இழப்பீட்டு மனு. மூணு, மக்கள் நீதிமன்றத்துல சமாதானம். நாலு, மேல்முறையீடு. ஆனா அதுக்கு முன்னாடி மூணுல ஒண்ணாவது முடியணும்.”

“அந்த வரிய மாத்தறது எந்த வழியிலங்க வரும்?”

இளம்பரிதி நாலு விரலையும் மறுபடி எண்ணிப் பார்த்தார். “அது எதுலயும் வராதுங்க. நாலு வழியும் அந்த வரியில இருந்துதான் ஆரம்பிக்குது.”

“மனுவுல நின்னுட்டு இருந்தான்னு எழுதுவீங்கல்ல?”

“தாராளமா எழுதுவேன். ஆனா கோர்ட்ல நீங்க சொன்னா அது மனு. போலீஸ் சொன்னா அது ஆவணம்.”

மனுப் போடுவதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார். பாரதிக்கு அவர்கள்தான் அம்மா அப்பா என்று பிறப்புச் சான்றிதழ் சொல்கிறதே என்றாள் சோபனா. “அது அவ பொறந்ததுக்குச் சான்று. நீங்க வாரிசுங்கறதுக்கு வேற சான்று” என்றார் இளம்பரிதி.

இ-சேவை மையத்தில் சுமலதா என்ற பெண் விண்ணப்பத்தை நிரப்பினாள். மூன்றாவது கட்டத்தில் அவள் கை நின்றுவிட்டது.

“அக்கா, எறந்தவங்களோட திருமண நிலைன்னு கேக்குது.”

“ஏழு வயசும்மா.”

“தெரியுதுக்கா. ‘ஆகாதவர்’னு போட்டா ‘காரணம்’னு ஒரு கட்டம் தெறக்குது. காலியா வுட்டா உள்ள போக மாட்டேங்குது. நான் என்னக்கா பண்ணட்டும்?”

 கடைசியில் சுமலதா, ‘இரண்டாம் வகுப்பு படித்து வந்தார்’ என்று தட்டினாள். அரசாங்கம் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது.

பத்து நாள் கழித்து கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். ஒரு நோட்டும் ஐந்து சாட்சிகளும் அவருக்கு வேண்டும். பக்கத்து வீட்டுக் காசியம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தி, படிவத்தில் உள்ளபடியே கேட்டார்.

“இறந்துபோன பாரதி அவர்களுக்குக் கணவர், குழந்தைகள் எவரேனும் உண்டா?”

காசியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பொம்ம ரெண்டு வெச்சிருந்துச்சு. ஒண்ணுக்குக் கையில்ல. எழுதிக்கிறீங்களா?”

அலுவலர் கோபப்படவில்லை. அப்படியொரு கட்டம் இல்லாததால், அதை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் காசியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “கடமை ஆத்தா, என்னா பண்றது” என்றார்.

“பண்ணு சாமி, பண்ணு” என்றாள் காசியம்மாள். “உன்னையப் பெத்தவளும் ஒருத்தி இருப்பால்ல, அவளுக்குத் தெரியாமப் பண்ணு.”

இப்படியாக மனு ஏறி, இரண்டு வருடம் வாய்தாவில் போனது. வாய்தாவுக்குக் காரணங்கள் பலவகை. வேன் முதலாளிக்கு நோட்டீஸ் போய்ச் சேரவில்லை. சேர்ந்தது, அவர் வரவில்லை. வந்தார், வக்கீல் வரவில்லை. எல்லோரும் வந்தார்கள், அன்று நீதிபதிக்கு மாறுதல். எந்த வாய்தாவிலும் சோபனாவையோ மாதவராஜையோ யாரும் எதுவும் கேட்கவில்லை. பெயரைக் கூப்பிடும்போது கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டிலும் அதேதான். பாரதி நின்றாளா ஓடினாளா என்று அவள் எப்போது பேச்செடுத்தாலும் மாதவராஜ் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்த வருடங்களில் அந்த மாடு அளவுக்குக் கவனிக்கப்பட்ட மாடு பூதிக்குட்டையில் வேறில்லை.

மூன்றாம் வருடம் மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கல்யாண மண்டபம் போலப் பந்தல் போட்டு, வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்தார்கள். வரிசை எண் நூற்றுப் பதினொன்று. மேடையில் ஓர் உயர் அதிகாரி பேசினார்.

“நீதி தாமதமாகக் கூடாது. ஆகவே இன்று ஒரு வழக்குக்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். சென்ற வருடம் நமக்கு முதலிடம் வர வேண்டியது. ஏழு குடும்பங்கள் கடைசி நேரத்தில் யோசித்ததால் கைநழுவிப் போனது. இந்த வருடம் யாரும் யோசிக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அழ வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகப் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி போட்டிருக்கிறோம். காசோலை வாங்கும்போது மட்டும் கேமராவைப் பாருங்கள்.”

கைத்தட்டல் எழுந்தது. நூற்றுப் பதினொன்றாம் எண் கூப்பிட்டபோது இன்சூரன்ஸ் வக்கீல் சமாதான ஒப்பந்தத்தை நீட்டினார். எல்லோரும் தொகை எழுதிய கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். சோபனா முதல் பக்கத்தைப் பார்த்தாள். ‘சிறுமி திடீரெனச் சாலையின் குறுக்கே ஓடியதால்’ என்றுதான் தொடங்கியது.

“இந்த வரிய எடுத்துட்டீங்கன்னா கையெழுத்துப் போடறங்க.”

“அந்த வரி இருக்கறதாலதாம்மா சமாதானத்துக்கே வந்திருக்கோம்” என்றார் இன்சூரன்ஸ் வக்கீல். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. “இதப் போயி ஏம்மா மனசுல வெச்சுக்கறீங்க? குழந்தைன்னா ஓடத்தான் செய்யும். எங்க வீட்டுப் பையன் ஒரு நிமிஷம் ஓரிடத்துல நிக்க மாட்டான்.”

“எம்பொண்ணு சொன்ன பேச்சு கேக்கறவங்க” என்றாள் சோபனா. “ஓடியிருந்தா பொழச்சிருப்பா.”

நான்கு நிமிடம் முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் மாதவராஜ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மறுநாள் காலை, உரம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, நேரே காவல் நிலையத்துக்குப் போனான்.

“சார், எம்பொண்ணு நின்னுட்டுத்தாங்க இருந்தா. நான் பாத்தன்.”

நஞ்சப்பன் பெருமூச்சு விட்டார். “நீயும் வந்துட்டியாப்பா? சரி, நின்னாள்னே வெச்சுக்குவோம். அப்ப வேன் எதுக்கு மண்ணுக்கு எறங்குச்சு? ரோடு காலியாத்தான கெடந்துச்சு?”

இதுவரை யாரும் கேட்காததால் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மாதவராஜ் அதைச் சொன்னான்.

“ரோடு காலியா இல்லீங்க. கொள்ளுச் செடி போட்டிருந்தன்.”

தை, மாசியில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். காட்டில் பிடுங்கிய கொள்ளுச் செடியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி ஏறியே காய் உடைந்து பயறு உதிர்ந்துவிடும். ஆள் கூலி மிச்சம். பஸ்காரர்கள் திட்டிக்கொண்டே ஏற்றிப் போவார்கள். சின்ன வண்டிக்காரர்கள் மட்டும், கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்று பயந்து ஒதுங்குவார்கள். அன்று வேன் வேகத்தைக் குறைக்காமலே ஒதுங்கியது.

“கொள்ளா?” என்றார் நஞ்சப்பன். “எங்க மாமனார் வூட்டுதே அடுத்த வளைவுல காயுதேப்பா. நேத்துதான் நம்ம ஜீப்ப ரெண்டு தடவ முன்னயும் பின்னயும் ஓட்டிக் குடுத்துட்டு வந்தன்.” பிறகு முகம் மலர்ந்தது. “ஆனா இதுக்கு வரி இருக்குது. ‘பொது வழியில் இடையூறு’. ரெடியா இருக்குது.”

“அதுல எம்பொண்ணு நின்னதும் வந்துருங்களா?”

“வராம எங்க போவுது?” என்று சொல்லிவிட்டு நஞ்சப்பன் தட்டத் தொடங்கினார்.

அந்த வழக்கு அன்றே குற்றவியல் நீதிமன்றத்தில் காலை பதினொன்று பத்துக்கு எடுக்கப்பட்டது. “கொட்டினாயா?” என்று கேட்டார்கள். “கொட்டுனங்க” என்றான். பதினொன்று பதினான்குக்கு முடிந்தது. அபராதம் கட்டியதற்கு ரசீது கொடுத்தார்கள். பாரதியின் சாவு சம்பந்தமாக அந்த வளாகத்தில் தீர்ப்பு வந்த ஒரே வழக்கு அதுதான். தீர்ப்பு அரைப் பக்கம் இருந்தது. மாதவராஜ் மரத்தடியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தான். கொள்ளு இருந்தது. ரோடு இருந்தது. வேன் ஒதுங்க நேர்ந்ததும் இருந்தது. பெண் இல்லை.

அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உரம் வாங்காமல் வீட்டுக்கு வந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் தீர்ப்பு நகல் கேட்டு இன்னொருவரும் மனுப் போட்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து நீதிமன்ற அமீனா ஒரு நோட்டீஸோடு வாசலில் வந்து நின்றார்.

“மூன்றாம் எதிர்மனுதாரர் மாதவராஜ் யாருங்க?”

“மாதவராஜ் நாந்தாங்க. ஆனா நான் மனுதாரருங்க.”

“அது போன வாய்தா வரைக்கும். விபத்துக்கு நீங்களும் காரணம்னு இன்சூரன்ஸ்காரங்க மனுப் போட்டு, உங்கள இந்தப் பக்கத்துல இருந்து தூக்கி அந்தப் பக்கம் வெச்சாச்சு. முதல் எதிர்மனுதாரர் வேன் ஓனர், ரெண்டாவது இன்சூரன்ஸ், மூணாவது நீங்க.” அமீனா தாளைப் புரட்டினார். “உங்க மேல கேஸ் போட்டிருக்கற மனுதாரர் சோபனா எங்க இருக்காங்க?”

“நாந்தாங்க” என்றாள் சோபனா, பாத்திரம் கழுவின கையோடு.

“ரெண்டு பேரும் ஒரே வூடா? நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு பஸ் சார்ஜு மிச்சம்.”

அவர் போன பிறகு சோபனா நோட்டீஸை முழுவதும் படித்தாள். அதோடு இணைத்திருந்த அரைப் பக்கத் தீர்ப்பையும் படித்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“நின்னான்னு எழுதுவாங்கன்னு பாத்தன்” என்றான் அவன். துண்டைத் தேடினான். அது அவள் கையில் இருந்தது. துண்டு இல்லாமலே கிளம்பிப் போனான்.

வாய்தா நாளன்று இளம்பரிதி படியிலேயே அவர்களை நிறுத்திவிட்டார். “அம்மா, நீங்க இடது பக்கம். அவரு வலது பக்கம், வேன் ஓனர் பக்கத்துல. பேசிக்காதீங்க. எதிர்த் தரப்புக்கு மூணு வேளையும் நீங்கதான் சோறு போடறீங்கன்னு தெரிஞ்சா கூட்டுன்னு சொல்லிருவாங்க. வரும்போது தனித்தனி பஸ்ல வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

மாதவராஜ் வேன் முதலாளிக்குப் பக்கத்தில் போய் நின்றான். முதலாளி மரியாதையாகச் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு மாதவராஜைக் கூண்டில் ஏற்றினார்கள். மூன்று வருடம் மனுதாரராக இருந்தபோது அவனை ஒரு கேள்வியும் கேட்காத நீதிமன்றம், எதிர்மனுதாரர் ஆனதும் பெயர், வயது, தொழில், நிலத்தின் சர்வே எண் எல்லாவற்றையும் அன்போடு கேட்டுக் குறித்துக்கொண்டது. இன்சூரன்ஸ் வக்கீல் கொள்ளுச் செடியைப் பற்றி மட்டும் பதினாறு கேள்வி கேட்டார்.

“மனுதாரர் தரப்பில் குறுக்கு விசாரணை உண்டா?” என்றார் நீதிபதி.

இளம்பரிதி எழுந்து, “இல்லை” என்று சொல்ல வாயெடுத்தார்.

“இருக்குதுங்க” என்றாள் சோபனா. “நான் கேக்கணும்.”

இளம்பரிதி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறைதான். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. “கேளுங்கம்மா. சுருக்கமா.”

சோபனா கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். அதைச் சுற்றி மரத்தடுப்பு இருந்தது. மாட்டைப் பார்க்கப் போக முடியாது.

“பாரதி ஓடுனாளா, நின்னாளா?”

“பெயர் வேண்டாம்” என்றார் நீதிபதி. “இறந்த சிறுமி என்று சொல்லுங்கள்.”

“எறந்த சிறுமி... ஓடுனாளா, நின்னாளா?”

மாதவராஜ் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “நின்னா.”

“எங்க?”

“வெள்ளக் கோட்டுக்கு அந்தாண்ட. மண்ணுல. பைய முதுகுல மாட்டிக்கிட்டு... நீ போன பக்கமே பாத்துட்டு இருந்தா.”

“‘நீ’ என்று சொல்லக் கூடாது” என்றார் நீதிபதி. “மனுதாரர்.”

“மனுதாரர் போன பக்கமே பாத்துட்டு இருந்தாங்க” என்றான் மாதவராஜ். “நான் கத்துனன். வேன் சத்தத்துல கேக்கல. கேட்டிருந்தாலும் நகந்திருக்காது. மனுதாரர் சொல்லிட்டுப் போனாங்கல்ல.”

தட்டச்சு செய்யும் பெண் தட்டிக்கொண்டே வந்தாள். சோபனா அவள் பக்கம் திரும்பினாள். “எழுதிட்டீங்களாம்மா?”

அந்தப் பெண் நீதிபதியை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக வாசித்தாள். “சிறுமி சாலையோர மண்ணில் நின்றிருந்தார் என்றும், ஓடவில்லை என்றும் சாட்சி கூறுகிறார்.”

சோபனா கேட்டுக்கொண்டாள். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை.

“முடிந்ததா?” என்றார் நீதிபதி.

“ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க.” அவள் மறுபடி கூண்டைப் பார்த்தாள். “அன்னிக்கு ரோட்ல கொள்ளுச் செடி கொண்டாந்து போட்டது யாரு?”

“நாந்தான்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“பொய்யிங்க” என்றாள் சோபனா நீதிபதியிடம். “மொத்தம் எட்டுக் கட்டு. நாலு நான் தலையில சொமந்து கொண்டாந்தன். இவரு வேணாம்னாரு. பள்ளிக்கூட வண்டி போவட்டும், அப்பறம் போடலாம்னாரு. வெயில் ஏறுனா காய் காட்டுலயே வெடிச்சுரும், இப்பவே போடுங்கன்னு சொன்னது நானு. மூணு வருசமா அத இவரு ஒருத்தரே தூக்கிட்டுத் திரியறாருங்க. எழுதிக்கோங்க.”

 முதலில் எழுந்தவர் இன்சூரன்ஸ் வக்கீல். மனுதாரரே திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதால், அவரை நான்காம் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்று வாய்மொழியாகக் கோரினார். முறைப்படி மனுப் போடுங்கள் என்றார் நீதிபதி. இன்சூரன்ஸ் வக்கீல் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அது அங்கேயே அனுமதிக்கப்பட்டது. அந்த வழக்கில் ஒரே நாளில் போட்டு ஒரே நாளில் அனுமதியான மனு அது ஒன்றுதான்.

“என்னங்கம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?” என்று இளம்பரிதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “நான் இனிமே யாருக்குங்க ஆஜராவறது?”

 கூண்டிலிருந்து இறங்கிய மாதவராஜ் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். சோபனா அறையின் குறுக்கே நடந்துபோய், வலது பக்கத்தில் அவனுக்கும் வேன் முதலாளிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். “தள்ளி நில்லுங்க” என்றாள். மாதவராஜிடம் இல்லை, முதலாளியிடம்.

“எட்டுக் கட்டு இல்ல, ஒம்போது” என்றான் மாதவராஜ் காதோரமாக.

“பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றாள் அவள். ஆனால் அவன் கையைப் பிடித்திருந்த தன் கையை எடுக்கவில்லை.

பெயர் கூப்பிடும் டவாலி வழக்கு எண்ணைச் சொல்லி, மனுதாரர் ஆஜரா என்று வழக்கப்படி மூன்று முறை கூப்பிட்டார். இடது பக்கம் யாரும் இல்லை. மனுதாரர் வராத காரணத்தால், வழக்கு அடுத்த மாதம் பதினேழாம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.